நடுவுல ஏறலை, சார்

லேப் வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "சார், உங்க சர்வீஸ்ல கத்துக்கிட்டதை எழுதிப் போடுங்க" என்று கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ரிட்டயர் ஆன ஆளைக் கேட்டீர்களே, அதுவே பெரிசு. மீட்டரை எப்படிக் கழுவ வேண்டும், பஃபர் தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் லேப் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது சுவரில் ஒட்ட முடியாத விஷயம். பேக்கிங் ஹாலில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையும், அது என் கையைப் பிடித்து என்னென்ன எழுத வைத்தது என்பதும்.

படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பென்ஷனா கொடுக்கிறீர்கள், பயப்பட?

முதலில் நான் எங்கிருந்து வந்தவன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தப்பு உங்களுக்குப் புரியாது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் நான் சேர்ந்தது தங்கச் சுரங்கத்து மில் லேப்பில். பூமிக்கு அடியிலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வரும் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். அந்தக் கரைசலில் எப்போதும் சுண்ணாம்பு தூக்கலாக இருக்க வேண்டும். கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்தாலும் விஷவாயு கிளம்பும், தொட்டி மேல் நிற்கிறவன் வீடு திரும்ப மாட்டான். அதனால் மணிக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு வந்து பார்ப்போம். தண்ணீரை மட்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் கெமிஸ்ட், ஷிப்டுக்கு நாலு தடவையாவது சொல்வார்: "தண்ணியப் பார்றா. கல்லு எக்கேடு கெட்டா உனக்கு இன்னா? ஆளைக் கொல்றது தண்ணிதான்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பதினைந்து வருஷம் அப்படித்தான் பார்த்தேன். என் ஷிப்டில் ஒருத்தனுக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

அப்புறம் சுரங்கத்தை மூடினார்கள். பாதி ஊர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓடியது. எனக்கு அதிர்ஷ்டம், ஊரை ஒட்டியே கெர்கின் கம்பெனி லேப்பில் வேலை கிடைத்தது. கெர்கின் என்றால் ஊறுகாய்க்கென்று விளைவிக்கும் குட்டி வெள்ளரி. வினிகரில் போட்டு, கண்ணாடி ஜாடியில் அடைத்து, கப்பலேற்றுவது. நம் ஊரில் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, வெளிநாட்டுக்காரன் ரொட்டியோடு கடித்துத் தின்கிறான்.

வேலை அதே பி.எச். பார்க்கும் வேலைதான். ஆனால் எல்லாம் தலைகீழ். மில்லில் புளிப்பு வந்தால் சாவு. இங்கே புளிப்பு போனால் சாவு. பி.எச். ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும் என்று உங்களுக்குத் தெரியும். ஜாடிக்குள் அது நாலு புள்ளி ஆறுக்கு மேலே நின்றுவிட்டால் ஒரு கிருமி முழித்துக்கொள்ளும். நாம் போடும் சூட்டுக்கு அது சாகாது. நாற்றமும் வராது, நிறமும் மாறாது. தின்றவனுக்கு மூச்சு நின்ற பிறகுதான் தெரியும். நான் தலைக்குள் இந்தத் தலைகீழை ஏற்றிக்கொண்டேன். கைக்கு ஏற்றவில்லை. கை பழையபடியே ஜாடியைத் திறந்து தண்ணீரை மொண்டது, மீட்டரை அதில் முக்கியது, எண்ணை எழுதியது. காயை அரைத்துப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிக் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. எங்கள் காய் சுண்டுவிரல் கனம்தான், வினிகர் ஒரே நாளில் உள்ளே போய்விடும், அரைத்தாலும் அதே எண்தான் வரும். முதல் வருஷம் அரைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

இப்போது மஞ்சுளாவுக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. ஹாலில் வேலை செய்கிறவர்களுக்கு லேப் என்றால் என்ன என்று காட்ட வேண்டுமாம். அவர் பெங்களூர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனுஷன். எனக்கும் குஷி. ஏழு கிளாஸில் வீட்டுச் சாமான்களைக் கரைத்து வைத்தேன். எலுமிச்சைச் சாறு, கறுப்புக் கூல்டிரிங்க், புளித்தண்ணீர், மோர், பால், ஆப்பசோடா, சுண்ணாம்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் பேர் எழுதி, "புளிப்பு வரிசைப்படி அடுக்குங்க பார்க்கலாம், வாயில வைக்கக் கூடாது" என்றேன். எல்லாரும் கூல்டிரிங்கைப் பால் பக்கத்தில் வைப்பார்கள், இனிப்பாயிற்றே. அப்புறம் நான் மீட்டரைப் போட்டு, அது எலுமிச்சைக்கு அடுத்த வீட்டுக்காரன் என்று காட்டுவேன், எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அதுதான் என் திட்டம்.

பத்துப் பேர் அப்படியே வந்து விழுந்தார்கள். பதினோராவதாக வந்தவள் மஞ்சுளா. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டு லைனுக்கு அடுத்த லைன், என் மனைவிக்குப் பழக்கம். ஹாலில் ஜாடிக்குள் காய் அடுக்கும் வேலை, எட்டாவதோடு படிப்பு நின்றவள். அவள் எலுமிச்சையை முதலில் வைத்தாள். கூல்டிரிங்கைத் தூக்கி அதை ஒட்டி வைத்தாள். அப்புறம் புளி, மோர், பால், ஆப்பசோடா, சுண்ணாம்பு என்று வரிசையாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது தித்திப்புதானே, ஏன் இங்க வெச்சே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பாத்ரூம்ல உப்புத்தண்ணி கறை படிஞ்சிகினு கீது சார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போவும். மிச்சம் மீதி கூல்டிரிங்க் ஊத்தினாலும் அதே மாரி போவும். அப்ப ரெண்டும் ஒரே ஜாதிதானே? சக்கரைய போட்டு நம்ம நாக்க ஏமாத்தறான். கறைய ஏமாத்த முடியுமா?"

மேனேஜர் கைதட்டினார். ஹாலே கைதட்டியது. "நோடி சார், பாருங்க, மேடத்துக்கு ஒரு வெள்ளை கோட்டு குடுங்க!" என்று என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். உள்ளே பத்திக்கொண்டு எரிந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஹாலில் அவளுக்கு "புரொபசரம்மா" என்று பேர் வைத்தார்கள். மேனேஜர் ரவுண்டு வரும்போது அவள் மேஜை முன்னால் இரண்டு நிமிஷம் நிற்பார். லேப் கண்ணாடி வழியாக எனக்கு அது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. அந்த இரண்டு நிமிஷமும் என்னால் ஒரு எண்ணை ஒழுங்காக எழுத முடியாது. அவள் சிரிப்பாள், அவர் தலையாட்டுவார். இருபது வருஷத்துக்கு மேல் மீட்டரோடு வாழ்ந்தவன் நான். என்னிடம் அவர் கேட்டதெல்லாம் "ரிப்போர்ட் ஆயித்தா?" என்ற ஒரே கேள்விதான்.

வீட்டிலும் விட்டபாடில்லை. நம் ஊர் மார்கழிக் குளிரில் தோசை மாவு புளிக்காமல் படுத்துக்கிடந்தது. மனைவி என்னைக் கேட்டாள். நான் நுண்ணுயிர், வெப்பநிலை என்று ஆரம்பித்தேன். அவள் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டாள். மறுநாள் மாவு பொங்கி வழிந்தது.

"மஞ்சுளா, அரிசி மூட்டை நடுவுல பாத்திரத்த சொருகி வெக்கச் சொன்னா. உங்களக் கேட்டா நம்பர் சொல்றீங்க. அவளக் கேட்டா மாவு புளிக்குது" என்றாள் மனைவி.

நான் அன்று தோசை சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? நாற்பத்தெட்டு வயசு ஆள் தோசை மேல் கோபித்துக்கொண்டான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பொறாமை அப்படித்தான் இருக்கும், அதற்குக் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது.

அடுத்த வருஷம் ஒரு புது ஆர்டர் வந்தது. பெரிய காய் வேண்டும், முழுசாக வேண்டும், பெரிய ஜாடியில் வேண்டும் என்றான் வாங்குகிறவன். சுண்டுவிரல் கனம் போய், மூன்று விரல் சேர்த்த கனம். நானும் எப்போதும்போல் மறுநாள் ஜாடியைத் திறந்தேன், தண்ணீரை மொண்டேன், மீட்டரைப் போட்டேன். மூன்று புள்ளி எட்டு. அருமையான எண். எழுதி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மஞ்சுளா லேப் கதவருகே வந்து நின்றாள். கையில் டிபன் மூடி, அதில் பாதியாக வெட்டிய ஒரு கெர்கின்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? நடுவுல ஏறலை சார்."

"இன்னாது ஏறலை?"

"புளிப்பு சார். மூடி கோணின ஜாடி ஒண்ணு ஒதுக்கிகீறாங்க. அதுல கீற காய சாப்பாட்டுக்குத் தொட்டுக்கலாம்னு வெட்டினேன். தோல் பக்கம் சுருக்குனு கீது, நடுவுல பச்ச வெள்ளரிக்கா மாரியே கீது. நேத்து போட்ட காயி, இன்னும் ஏறலைன்னா எப்டி சார்? நாளைக்கு லோடு போவுதாமே."

டிபன் மூடியை என் பக்கம் நீட்டினாள். ஒரு சின்னக் கடி கடித்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன்.

"மூணு புள்ளி எட்டு வந்துகீது. மீட்டர் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

"நான் மீட்டர ஒண்ணியும் சொல்லலையே சார். காய சொன்னேன்."

"உன் வேலை இன்னாவோ அதப் போய்ப் பாரு. லேப்புக்குள்ள திங்கற பொருள எடுத்தாரக் கூடாதுன்னு தெரியாது?"

அவள் டிபன் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மேனேஜர் ரூமுக்குப் போனேன். ஹாலில் சரக்கை எடுத்துத் தின்கிறார்கள், சுத்தம் சம்பந்தப்பட்ட விதி இது, வாங்குகிறவன் ஆள் வந்து பார்த்தால் ஆர்டர் போய்விடும் என்றேன். யார் என்று கேட்டார். பேரைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது, எனக்கு அது இனிப்பாக இருந்தது. ஒதுக்கின ஜாடியில் காய் எடுத்து மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வது ஹாலில் எல்லாரும் செய்வதுதான். நானே வாரத்துக்கு இரண்டு நாள் செய்திருக்கிறேன். அதை நான் சொல்லவில்லை.

"ரூல் இஸ் ரூல்" என்றார் அவர், மனசே இல்லாமல். கான்ட்ராக்ட் வேலைதான், சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, சொல்லியனுப்பும்வரை அவள் வர வேண்டாம் என்றார். நான் கதவருகே போனபோது, "அந்தம்மா உங்கள பாக்க வந்துதே, ஏனு விஷயா?" என்று கேட்டார்.

"காய்க்கு நடுவுல புளிப்பு ஏறலைன்னு ஏதோ உளறிச்சு சார்."

"செக் மாடிதிரா?"

"பண்ணிட்டேன் சார்" என்றேன். பொய். அந்தப் பொய்யோடு போய் லோடு பேப்பரில் கையெழுத்தும் போட்டேன்.

மஞ்சுளாவுக்கு அந்த வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் மாமனார் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர், நுரையீரல் முழுக்கக் கல்தூசி, படுத்த படுக்கை. புருஷன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, வாரம் ஒரு தடவைதான் வருவான். மத்தியானம் ஓடிப்போய்க் கிழவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வரும் தூரத்தில் ஊரில் இருந்தது எங்கள் கம்பெனி ஒன்றுதான். இந்த வேலை போனால் அவளும் விடிகாலை ரயில் ஏற வேண்டும், கிழவரை யார் பார்ப்பது? இதெல்லாம் தெரிந்துதான் பேரைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் கன்டெய்னர் வந்து பின்பக்கம் நின்றது. லோடு ஏற ஆரம்பித்தது. எனக்குப் பாரம் குறைந்தாற்போல் இருக்க வேண்டும், இல்லை. மேனேஜர் கேட்ட கேள்வி குடைந்தது. அவர் திரும்பக் கேட்டால்? காட்ட ஒரு எண் வேண்டுமே. சரி, இப்போதே அரைத்துப் பார்த்து, நாலுக்குக் கீழே ஒரு எண்ணை வாங்கி, காகிதத்தில் எழுதி வைத்துவிட்டால் மஞ்சுளா வாயை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று தோன்றியது. இதை நன்றாகக் கவனியுங்கள். சரக்கை நினைத்தோ, அதைத் தின்னப் போகிறவனை நினைத்தோ நான் மிக்ஸியை எடுக்கவில்லை. அவள் தப்பு என்று நிரூபிக்க எடுத்தேன்.

ஸ்டாக்கிலிருந்து ஒரு ஜாடியைத் திறந்தேன். காயை வெட்டி, நடுப்பகுதியை மட்டும் எடுத்து அரைத்தேன். மீட்டரைப் போட்டேன்.

ஐந்து புள்ளி ஒன்று.

மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். எண் தெரிந்த பஃபர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், மீட்டர் ஒழுங்காக இருந்தது. இன்னொரு ஜாடி. நாலு புள்ளி ஒன்பது. மூன்றாவது ஜாடி. ஐந்து. முழுக்காயையும் சேர்த்து அரைத்தேன், அதுவும் நாலு புள்ளி ஆறுக்கு மேலேயே நின்றது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். கண்ணாடிக்கு வெளியே அட்டைப்பெட்டிகள் கன்டெய்னருக்குள் போய்க்கொண்டிருந்தன. என் தலைக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். கப்பலில் ஒரு மாதம் போகப் போகிறது, அதற்குள் வினிகர் தானாக நடுவில் ஏறிவிடும், போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது என்றான். அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஏறும்தான். ஆனால் ஏறுவதற்குள் எத்தனை நாள்? அந்த நாள்களில் உள்ளே கிருமி முழித்து விஷத்தைக் கக்கிவிட்டால், அப்புறம் ஏறுகிற புளிப்பு அந்த விஷத்தை ஒன்றும் செய்யாது. அப்போதும் என் மீட்டர் மூன்று புள்ளி எட்டு என்றுதான் காட்டும்.

அதைவிட மோசமாக இன்னொரு நினைப்பும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் இப்போது நிறுத்தினால் மஞ்சுளா ஜெயித்துவிடுவாள். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு குழந்தை ரொட்டியோடு அதைக் கடிப்பது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இரண்டும் ஒரு விநாடி சமமாக நின்றன. ஒரு விநாடிதான். ஆனால் நின்றன.

போனேன். லோடு ஏற்றும் இடத்தில் போய் நின்று, "நிறுத்துங்கய்யா! இறக்குங்க எல்லாத்தையும்!" என்று கத்தினேன். டிரைவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். மேனேஜர் போனோடு ஓடி வந்தார். மூன்று எண்களையும் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார், அங்கேயே, ஒரு அட்டைப்பெட்டி மேல்.

"நேத்து செக் ஆயித்துன்னீங்களே, இப்ப எப்டி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

இதோ, இதற்குத்தான் நான் இத்தனை எழுதுகிறேன். சரியான வேலையைச் செய்து முடித்த அடுத்த நிமிஷம், வாய் திறந்து இப்படிச் சொன்னேன்: "நேத்து பார்த்த ஜாடி சரியாத்தான் இருந்துச்சு. பெரிய காயாச்சே சார், மனசுல ஒரு சந்தேகம். மறுபடி அரைச்சுப் பார்த்தேன்."

மொத்தச் சரக்கையும் திறந்து, காயில் ஊசித்துளை போட்டு, வினிகரைக் கூட்டி, மறுபடி அடைத்தார்கள். வாங்குகிறவனிடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. கம்பெனி ஆண்டு விழாவில் எனக்கு மரியாதை செய்வதாக முடிவாயிற்று. மஞ்சுளாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் முந்தின நாளே சொன்னது அந்தக் களேபரத்தில் மேனேஜருக்கு மறந்துபோனது, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மூன்று வாரம் போயிற்று.

என் மனைவிதான் ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். "மஞ்சுளா திங்கக்கிழமையிலிருந்து கார்மென்ட்ஸுக்குப் போவுதாம், அஞ்சு மணி ரயிலு. கிழவர இன்னா பண்றதுன்னு ஒரே அழுவ. நீங்க ஒரு வார்த்த மேனேஜர்கிட்ட சொல்லக் கூடாதா?" நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "சொல்றேன்" என்றேன். விழா அந்தச் சனிக்கிழமை.

மேடையில் சால்வை போட்டார்கள். பரிசு என்ன தெரியுமா? ஒரு மிக்ஸி. நான் அரைத்ததால் மிக்ஸியாம், மேனேஜரின் தமாஷ். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார். ஹால் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைதட்டவில்லை. அவர்களுக்குத் தெரியும். மஞ்சுளா டிபன் மூடியோடு லேப்புக்குப் போனதை அத்தனை பேரும் பார்த்தவர்கள். என்னைப் பார்த்த அந்த முப்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"கண்டுபிடிச்சது நான் இல்ல" என்றேன். "மஞ்சுளா. முந்தின நாளே வந்து சொல்லிச்சு. நான் கேக்கல. அதை வேலையவிட்டுத் தூக்க வெச்சதும் நான்தான். எனக்கு அது மேல பொறாமை."

அப்புறம் மேனேஜர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எந்தா மனுஷா! இப்படி ஒத்துக்க யாருக்கு மனசு வரும்?" என்றார் மைக்கிலேயே. முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சால்வைக்குத் தட்டினதைவிடப் பலமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிஜமாகவே நான் நல்லவன்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

கீழே இறங்கினதும் மேனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டார். "திங்கள்லேர்ந்து வரச் சொல்லிடறேன். லேப்லயே போட்டுடலாமா? சாம்பிள் எடுக்க, அரைக்க ஒரு ஆள் வேணும்தானே உங்களுக்கு?"

"லேப்புக்கு டிகிரி வேணும் சார். ஆடிட்ல கேப்பாங்க. ஹாலுக்கே வரட்டும்" என்றேன்.

கண்ணீர் இன்னும் காயவில்லை. அதற்குள் வாய் இதைச் சொல்லிவிட்டது. சாம்பிள் அரைக்க டிகிரி எதற்கு? எந்த ஆடிட்டில் கேட்டார்கள்? யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் மஞ்சுளா ஏறினாள். ஹால் பெண்கள் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். அவள் நேராக வந்து என் முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பினாள். கம்பெனிக்குள் என்னை "சார்" என்பாள், வெளியே "அண்ணா" என்பாள். பஸ் இன்னும் கம்பெனி கேட்டைத் தாண்டவில்லை.

"அண்ணா, மேடையில சொன்னீங்களாமே. பொம்பளைங்க வந்து சொன்னாங்க."

"ஆமாம்மா. நான் பண்ணது பெரிய தப்பு."

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. லோட நிறுத்தினீங்க, உங்களுக்குக் கைதட்டினாங்க. தப்புன்னு ஒத்துகினீங்க, அதுக்கும் உங்களுக்கே கைதட்டினாங்க. நான் மூணு வாரம் வீட்ல குந்திகினு இருந்தேன். இப்ப திரும்பியும் அதே மேஜை, அதே காயி. லேப்புக்கு கேட்டாராமே மேனேஜரு, வேணாம்னுட்டீங்களாமே." குரலை அவள் ஏற்றவே இல்லை. "எனக்கு யார் மேலயும் பொறாமையே வந்ததில்லண்ணா. சாமி சத்தியமா. இப்ப உங்களப் பாத்தா வயிறு எரியுது."

திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அந்த எரிச்சலோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அது தூங்க விடாது, தின்ன விடாது, அடுத்தவன் சிரித்தால் பொறுக்காது. அதை எடுத்து, அது இல்லாமல் இருந்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு முதல் தடவையாக என்னை நினைத்துப் பயமாக இருந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். மஞ்சுளாவை லேப்புக்கு அனுப்புங்கள், ஆடிட்டில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், ரிப்போர்ட்டில் அவள் பேரும் இருக்கட்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சனிக்கிழமை பேடா, வேணாம்னீங்க. இப்ப ஏன்? பொறாமை போயித்தா?"

"இல்ல சார், அப்டியே கீது. அது போவாது. அதனாலதான் கேக்கறேன். அவ பக்கத்துல குந்திகினு இருந்தா, என் தப்பு அவ கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு நான் ஒரு ஜாடியக்கூட அரைக்காம வுட மாட்டேன்."

ஒன்பது வருஷம் நாங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். என்னைவிட அவளுக்குக் கை சுத்தம், கண் கூர்மை, மேனேஜர் மாறி மாறி வந்தவர்கள் எல்லாரும் அவளிடம்தான் முதலில் பேசுவார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டேன்.